புதுவைக்கு ஒரு நெசவுக் காட்சிச்சாலை

(நம் சங்கத்தின் புதுவைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நெசவுத் தொழிலைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். பள்ளியில் இலக்கணம் கற்பிக்கும் எமக்குத் தறியில் அமரும் தகுதி இல்லை. எம் பாட்டனார்க்கு அத்தகுதி இருந்தது. எம் தந்தையார் பஞ்சாலையிற் பணி செய்தார். யாமோ நூலைக் கண்ணாற் கற்பவரேயன்றிக் கையால் நூற்பவர் அல்லேம். மூன்று தலைமுறைக்குள் நேர்ந்த இம்மாறுதல் எம் குடும்பத்திற்கு மட்டும் உரியதன்று. ஈண்டு வீற்றிருக்கும் பலர் இல்லத்தும் இதுவே நிகழ்ந்தது. ஆதலின் இதனைத் தொழில் வல்லார் உரையாகக் கொள்ளாது, தொழிலை இழந்தார் முறையீடாகக் கொண்டு கேட்டருளுமாறு வேண்டுகின்றோம்.

சென்ற ஆண்டு எம் வகுப்பில் நிகழ்ந்ததொன்றை முதற்கண் கூறுவாம். பாடத்தில் ‘நாடா’ என்னும் சொல் வந்தது. அதன் பொருள் யாதென மாணவரை வினவினோம். பாவாடையில் கோக்கும் கயிறு என்றான் ஒருவன். தலைப்பின்னலில் முடியும் பட்டை என்றாள் ஒரு சிறுமி. இரண்டும் பிழையல்ல. ஆயின் அவ்வகுப்பிற் பாதிப் பேர் நெசவுக் குடியிற் பிறந்தோர். ஒருவர் வாயிலேனும் தறியில் ஓடும் நாடா என்னும் பொருள் வரவில்லை. மறுநாள் மாணவன் ஒருவன் பழைய செய்தித்தாளிற் சுற்றிய ஒரு பொருளை எம் மேசைமேல் வைத்தான். “ஐயா, இஃது எங்கள் ஆயா வீட்டுப் பரணில் இருந்தது. இன்னதென்று அப்பாவுக்கும் தெரியவில்லை” என்றான். அதுவே நாடா. இரு முனையும் கூர்ந்து, நடுவே தார் பொருந்தும் குழிவுடன், எண்ணற்ற முறை கைபட்டு மெருகேறியிருந்தது. அதனை எறிந்த பாட்டனாரின் பெயரை மட்டும் அப்பையன் அறிந்திருந்தான்.

அதனைக் கையில் ஏந்தியபோது எம் இல்லத்துத் தறி நினைவுக்கு வந்தது. முத்தியாலுப்பேட்டையில் எம் பாட்டனார் வீட்டு முன்கட்டில் குழித்தறி ஒன்று இருந்தது. எமக்குப் பத்து வயதளவில் வீட்டிற்குச் சிமெண்டுத் தரை இட்டனர். செங்கல் உடைசலைக் கொட்டிக் குழியை மூடினர். படமரமும் மிதிகளும் பரணேறின. பின்னர்த் தமக்கையார் திருமணத்தின்போது விருந்தடுப்பிற்கு விறகாயின. அந்நாளில் யாரும் வருந்தவில்லை. சிறுவராகிய யாம் ஓடி விளையாட இடம் கிடைத்ததென்று மகிழ்ந்தோம். எம் பாட்டியார் ஒருவரே அவ்விடத்தை மிதியாமற் சுற்றி நடந்தார். நெடுநாள் அவ்வாறே நடந்தார்.

அப்பாட்டியார் துணியின் விளிம்பை விரலிரண்டாற் பற்றி, அஃது இன்ன எண் நூலென்று கூறுவார். பாவிற்குரிய கஞ்சியின் பதத்தை அகப்பையினின்று ஒழுகும் இழையைக் கண்டு அறிவார். மழைக்காலத்திற்கு ஒரு பதமும் கோடைக்கு ஒரு பதமும் உண்டென்பார். அவர் மறைந்தபோது யாம் தமிழாசிரியராகிச் சில ஆண்டுகள் கழிந்திருந்தன. வழக்கொழிந்த சொற்களை ஏடுகளிலெல்லாம் தேடிக் குறிப்பெழுதி வந்தோம். கூடத்தில் அமர்ந்திருந்த அம்முதியவரிடம் ஒரு சொல்லும் கேட்டோமல்லோம். அக்கஞ்சியின் பதம் அவரோடு போயிற்று. எம் குற்றம் அஃது. அதனை நும்முன் ஒளிக்க விரும்பவில்லை.

நெசவு வெறும் வயிற்றுப் பிழைப்பன்று. நம் மொழியின் உறுப்புமாகும். நூல் என்பது இழைக்கும் ஏட்டிற்கும் ஒருங்கே வழங்குகின்றது. பனுவல் என்பதும் அத்தகைத்தே. பா என்பது செய்யுளையும் தறியில் நெடுக ஓடும் இழையையும் குறிக்கும். நன்னூலார் நூலியற்றும் புலவனை உவமித்தற்கு நூல் நூற்கும் பெண்ணையே தேர்ந்தார். துணியென்றும் அறுவையென்றும் ஆடைக்குப் பெயர் அமைந்தது, தறியினின்று அறுத்தெடுக்கும் செயலால் என்க. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனத் தம் தொழிற்பெயராலேயே அறியப்படுகின்றார். தறியைக் காணாத பிள்ளைக்கு இச்சொற்களெல்லாம் ஒளியிழந்த விளக்குகளே.

இனி, நம் புதுவையின் நெசவு வரலாற்றைச் சுருங்கக் காண்பாம். நகர்க்குத் தெற்கே அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு உளது. 1945இல் அங்கு அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், செங்கல்லாற் கட்டிய தொட்டிகளைக் கண்டு, அவை துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்டன போலும் எனக் கருதினார். பிரெஞ்சுக்காரர் 1674இல் இங்குக் குடியேறியதும் துணி வாணிகத்தின் பொருட்டே. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், கும்பினிக்குத் துணி ஒப்படைக்கும் வணிகர் செய்திகளைப் பலவிடத்தும் காணலாம்.

இங்கே நாம் நின்று நோக்கத்தக்க செய்தியொன்று உளது. புதுவை நெசவுக்கும் சாயத்திற்கும் காட்சிச்சாலை வேண்டுமென்று யாம் இன்று கூறுவது புதிதன்று. ஏறத்தாழ முந்நூறாண்டுகட்கு முன்னரே அதற்கொரு தொடக்கம் நிகழ்ந்தது. ஆயின் அதனைச் செய்தோர் நாம் அல்லேம்.

1734ஆம் ஆண்டளவில் போலியே என்னும் பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி புதுவையில் தங்கியிருந்தார். சாயத்துணியைத் தம் கண்ணெதிரே எழுதச் செய்து, ஒவ்வொரு வேலை முடிவிலும் அத்துணியில் ஒரு துண்டை அறுத்து வைத்துக்கொண்டு, செய்முறையை எழுதினார். அவ்வேடும் துண்டுகளும் பாரிசு நகரத்து இயற்கைப்பொருட் காட்சிச்சாலையில் இன்றும் காக்கப்படுகின்றன. 1742இல் கேர்து என்னும் ஏசுசபைப் பாதிரியார் இக்கடற்கரையினின்று ஒரு நீண்ட மடல் வரைந்தார். கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்தல், படிகாரம் இட்டுச் சாயவேரால் சிவப்பேற்றுதல், மெழுகெழுதி அவுரியில் தோய்த்தல் முதலியன அதில் விளக்கமாக உள. இவற்றை அவர் தம்மிடம் சமயம் தழுவிய இந்நாட்டுத் தொழிலாளரிடமே கேட்டறிந்தார். வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகட்கும் உள்ள உறவை முற்பட எடுத்துக்காட்டியவருள் ஒருவராக மொழிநூலார் போற்றுவதும் இப்பாதிரியாரையே.

அவர்கட்கு இத்துணை ஆர்வம் ஏன்? பிரெஞ்சு நாட்டு மக்கள் நம் சாயத்துணியின்மேல் கொண்ட பெருவேட்கையால் அந்நாட்டு நெசவாளர் நலிவுற்றனர். அதனால் 1686 முதல் 1759 வரை அத்துணியை அங்கு விற்பதும் உடுப்பதும் தடுக்கப்பட்டிருந்தன. தடை நீங்கிய மறு ஆண்டாகிய 1760இலேயே ஓபர்காம்பு என்பார் பாரிசுக்கு அருகில் ழூயி என்னும் ஊரில் துணியச்சுச் சாலை நிறுவிப் பெரும் புகழும் பொருளும் ஈட்டினார். இங்கிருந்து சென்ற அறிவு அங்குத் தொழிலாயிற்று.

ஆங்கிலேயரும் இதனையே செய்தனர். இலண்டனில் இந்தியப் பொருட்காட்சிச்சாலையைக் கண்காணித்த போர்ப்சு வாட்சன் என்பார், 1866இல் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டி வெளியிட்டார். அவ்வாறு 20 அடுக்குகள் செய்து, 13ஐப் பிரித்தானியத் தொழில் நகரங்கட்கும் 7ஐ இந்தியாவிற்கும் வகுத்தார். அவ்வடுக்குகளை இருபது தொழிற் காட்சிச்சாலைகளாகவே அவர் எண்ணினார். இந்தியர் எதனை உடுக்க விரும்புவர் என்பதனை அந்நாட்டு ஆலைக்காரர் அறிந்து, அதுபோல் நெய்து இங்கு விற்றற்கே அவை பயன்பட்டன.

அன்பர்களே! இவற்றைக் கூறுவது பிறரை வைதற்கன்று. அவர் தொகுத்திராவிடின் அத்துண்டுகளும் நமக்கு எஞ்சியிரா. எனினும் தொகுத்தவர் தம் தேவைக்கே தொகுத்தார். துணி நிலைத்தது, அதனை எழுதியவர் பெயர் நிலைக்கவில்லை. செய்முறை ஏடேறியது, அதனால் வந்த ஊதியம் செய்தவர் கைக்கு வரவில்லை. காட்சிச்சாலை என்பது நல்லதோ தீயதோ எனின், அதனை யார், யார் பொருட்டு அமைக்கின்றனர் என்பதைப் பொறுத்ததென்பதே விடை. இந்நாளில் நம் கருவிகளைத் தேடி அயலார் கப்பலேறி வருவாரில்லை. தொகுத்தற்கு உரியவர் நாமே. தொகுக்காதொழிந்தால் பழிக்கு உரியவரும் நாமே.

பின்வந்த நூற்றாண்டில் புதுவையின் புகழ் நீலத்துணியால் ஓங்கிற்று. ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர் வழங்கிய அவுரி நீலத்துணி இங்கிருந்து மேலை ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டிற்குச் சென்றது. அவ்வாற்றங்கரைகளில் கருவேல இனத்துப் பிசினை வாங்குதற்கு அத்துணி காசுபோலவே கைமாறிற்று. நம் முன்னோர் நெய்து தோய்த்த துணி, அவர்கள் பெயரும் கேட்டிராத பாலைநிலத்து மாந்தர்க்குப் பணமும் உடையுமாயிற்று.

அத்துணியின் பெருந்தேவையே இங்கு ஆலைகளையும் வளர்த்தது. சவானா ஆலை, கெபெலே ஆலை, 1898இல் எழுந்த ரோடியர் ஆலை என மூன்று பேராலைகள் இந்நகரில் இயங்கின. அவையே பிற்காலத்துச் சுதேசி, பாரதி, ஆங்கிலோ பிரெஞ்சு ஆலைகளாயின. ஆலைச் சங்கு ஊதக் கேட்டே நம் தாய்மார் உலையேற்றிய காலம் ஒன்றிருந்தது. 1936 சூலை 30ஆம் நாள் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 12 பேர் உயிர் துறந்தனர். வ. சுப்பையா முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தின் பயனாக, 1937இல் எட்டு மணி நேர வேலைமுறை பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. 2011 திசம்பர் 30இல் வீசிய ‘தானே’ புயல் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையைப் பெரிதும் சிதைத்தது. 2020இல் இவ்வாலைகள் மூடப்பட்டன. கடலூர்ச் சாலை வழியே செல்வோர் அந்நெடுஞ்சுவரை இன்றும் காணலாம். அதனுள் ஓடிய பொறிகளின் பெயரை நம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அறிவர்?

பிற ஊரார் இத்தகைய நிலையில் யாது செய்தனர்? ஆமதாபாத்து நகரில் காலிகோ ஆலையின் உரிமையாளராகிய சாராபாய் குடும்பத்துக் கௌதமரும் கீராவும் 1949இல் துணிக் காட்சிச்சாலை ஒன்றை நிறுவினர். அவ்வெண்ணத்திற்கு வித்திட்டவர் ஈழத்துப் பிறந்த கலைப்பேரறிஞர் ஆனந்த குமாரசாமி. பின்னாளில் ஆலை மூடப்பட்டது. காட்சிச்சாலை நிலைத்து நிற்கின்றது. இங்கிலாந்தில் பேர்ன்லி நகர்க்கு அருகில் நீராவியால் இயங்கிய குயீன் ஸ்திரீட் நெசவாலை 1982இல் நின்றது. அவ்வூரார் அதனை இடித்துவிடாது, நீராவிப் பொறியையும் தறிகளையும் இயங்கும் நிலையிலேயே காட்சிச்சாலையாகக் காத்தனர். நமக்கு அணித்தாக, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் தொடங்கிய தட்சிணசித்திராவில், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடொன்று தறியுடன் காட்டப்படுகின்றது. நம் புதுவையிலும் பாவேந்தர் பாரதிதாசனார் வாழ்ந்த இல்லம் காட்சிச்சாலையாக உளது. 1930இல் கதர் இராட்டினப் பாட்டு வெளியிட்டவர் அவர். பாட்டிற்கு இல்லம் அமைத்த நகரம் இராட்டைக்கும் ஓரிடம் தரலாகாதோ?

அவ்விடம் எவ்வாறமைதல் வேண்டும் என்பதில் எம் எளிய கருத்தைக் கூறுவாம். கருவிகளைக் கண்ணாடிப் பேழையுட் கிடத்திப் பெயர்ச்சீட்டு ஒட்டுவது மட்டும் போதாது. நாடா ஓடினாலன்றி நாடா ஆகாது. குழித்தறியில் ஒரு முதியவர் நெய்துகொண்டிருத்தல் வேண்டும். விடியற்காலையில் பாவை நெடுக விரித்துக் கஞ்சி தோய்த்துப் பாவாற்றியால் நீவும் காட்சியைப் பிள்ளைகள் காணுதல் வேண்டும். வெயிலேறினால் இழை விறைத்து அறும். ஆதலின் அவ்வேலை கதிரெழுமுன் தொடங்கிற்று என்பதனை ஏட்டைக் காட்டிலும் அவ்விளங்காலைக் குளிரே செவ்விதிற் கற்பிக்கும்.

கைத்தொழிலும் ஆலைப்பொறியும் அருகருகே நிற்றல் வேண்டும். ஆலை வேறு, கைத்தறி வேறு, ஒன்றற்கொன்று பகையென நம்முள் ஒரு வழக்குண்டு. பகையும் உண்மையே; ஒருவர் வயிற்றிலடித்தே மற்றது வளர்ந்தது. எனினும் பஞ்சைச் சிக்கெடுத்தல், பட்டையாக்கல், இழுத்து நீட்டல், முறுக்கல், சுற்றல் என்று ஆலையில் நிகழ்வன யாவும், வில்லும் கையும் இராட்டைக் கதிருமாக நம் பாட்டிமார் செய்தவையே. 1733இல் ஆங்கில நாட்டு ஜான் கே என்பார், கயிற்றை இழுத்தால் இருபுறமும் தானே ஓடும் நாடாவைக் கண்டார். அதற்கு மறு ஆண்டளவில்தான் புதுவையில் போலியே துணித்துண்டுகளை அறுத்து வைத்தார். அவ்விழுப்பு நாடா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாட்டர்ட்டன் என்பார் சேலத்தில் எடுத்த முயற்சியால் தமிழ்நாட்டுத் தறிகளிற் பரவலாயிற்று. கையும் பொறியும் ஒருசேர நின்றால், அறிவு எங்கெங்குச் சென்று எவ்வுருவில் மீண்டதென்பதைச் சிறுவனும் கண்டறிவான்.

பெண்டிர் பங்கு அங்கே மறைக்கப்படலாகாது. தறியில் அமர்ந்தவரை நெசவாளர் என்றோம். நூல் இழைத்தவரை, தார் சுற்றியவரை, கஞ்சி காய்ச்சியவரை, இழையறுந்த இடத்தை இரவு விளக்கில் முடிந்தவரை நாம் எப்பெயராலும் அழைத்திலம். அவர் இல்லையேல் தறியில் ஒரு முழமும் ஏறாது. 1936இல் உயிர்நீத்த 12 தொழிலாளரின் நினைவிற்கும் அங்கு ஓர் அறை வேண்டும்.

ஈண்டு ஒரு தடை எழும். “நெய்கின்றவன் கூலியின்றி வாடுகின்றான். அவனுக்குச் சோறிடாது தறிக்கு மண்டபம் கட்டுவதோ?” என்பீர். தக்க வினாவே. காட்சிச்சாலை கூலிக்கு ஈடாகாது. தறியை மண்டபத்தில் ஏற்றிவிட்டு நெய்பவனைத் தெருவில் விடுவது அறமன்று. ஆதலினாலேயே அங்கு நெய்து காட்டும் முதியவர்க்கு மாதந்தோறும் முறையான ஊதியம் வேண்டுமென்கின்றோம். கற்பிக்கும் எமக்குச் சம்பளம் உண்டு. நாற்பதாண்டு கற்றதனைக் கையாற் கற்பிக்கும் அவரும் ஆசிரியரே. அவரை ஆசிரியர் என்று அழைத்து, அதற்குரிய பொருளும் தருவதே நேர்மை. மேலும், கைவழி வந்த அறிவு ஒருமுறை அறுந்தால் பணத்தால் மீளாது. எம் பாட்டியாரின் கஞ்சிப் பதத்தை இன்று எவ்வளவு பொருள் கொடுத்து வாங்குவேம்?

அரசினர் இடமளித்துக் கட்டுதற்குக் காலம் செல்லும். அதுவரை நாம் வாளாவிருத்தல் வேண்டா. இன்றே செய்யத்தக்கன சில உள. வீடு புதுக்குவோர் பரணிற் கிடக்கும் நாடா, அச்சு, விழுது, பாவாற்றி, இராட்டை முதலியவற்றை எறியாதிருங்கள், விறகாக்காதிருங்கள். யாருடைய பொருள், எத்தெருவில் இருந்தது, எவ்வகைத் துணி நெய்தது என்று ஒரு தாளில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள். பெயரற்ற கருவி பாதி ஊமை. ஆலையிற் பணி செய்த பெரியோர் தம் பணிச்சீட்டு, சங்கச் சந்தாச்சீட்டு, நிழற்படம் ஆகியவற்றைப் பேணுங்கள். இளைஞர்கள் தம் கைப்பேசியைச் சிறிது இதற்கும் பயன்படுத்துக. அறுபதைக் கடந்த நெசவாளர் ஒருவர்முன் அமர்ந்து, கருவிகளின் பெயரைச் சொல்லச் செய்து, குரலையும் கையசைவையும் பதிவு செய்க. அச்சொற்களைத் திரட்டி அகரவரிசைப்படுத்தும் பணியை யாம் ஏற்கின்றோம். அது யாம் எம் பாட்டியார்க்குச் செலுத்தவேண்டிய கடன்.

அம்மாணவன் கொணர்ந்த நாடாவை யாம் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. வீட்டிற்கே கொண்டு செல்லுமாறும், அவன் ஆயாவிடம் அதனைக் கையிற் கொடுத்து எவ்வாறு எறிவதென்று கேட்டு வருமாறும் பணித்தோம். ஒரு வாரம் கழித்து அவன் வந்து, ஆயா முதலில் நகைத்ததாகவும், பின்னர்க் கட்டிலில் அமர்ந்தபடியே இருகையாலும் வீசிக் காட்டியதாகவும் கூறினான். அவனும் எம்முன் அவ்வாறே வீசிக் காட்டினான். மேசையின்மேல் தறியில்லை, பாவில்லை. ஆயினும் அவன் மணிக்கட்டு திரும்பிய திருப்பம் எம் பாட்டனார் திருப்பிய திருப்பமே.

அத்திருப்பம் இன்னும் நம்மிடையே உயிரோடிருக்கின்றது, நெடுநாள் இராது. நம் சங்கத்தார் இதனை மனங்கொண்டு, வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு குழுவமைத்து, வீடுதோறும் உள்ள கருவிகட்கும் அவற்றை அறிந்த முதியோர்க்கும் ஒரு பட்டியல் தொகுத்தற்கு ஆவன செய்யுமாறு வேண்டுகின்றோம்.